சிரிப்புக்காக விட்ட இடம்

வெல்ஸ் ஃபோர்க், ஒஹாயோ
12 ஜனவரி 1937

அன்புள்ள தம்பி டெல்மருக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா? கலிபோர்னியாவில் ஜனவரியிலும் வெயில் அடிக்கிறதாமே. அங்கே போயும் இருமுகிறவன் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

இங்கே முழங்கால் வரை பனி. ஆனாலும் செவ்வாய்க்கிழமையை நான் விடவில்லை. ஐடியல் தியேட்டரில் செவ்வாய்தோறும் டிக்கெட்டுக்கு ஒரு பீங்கான் பாத்திரம் இலவசம் என்று எழுதியிருந்தேன் அல்லவா, இந்த வாரம் சூப்புக் கிண்ணம். வழக்கம்போல இரண்டு டிக்கெட் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று உன் அத்தான் எமெட்டுக்கு. அவர் இருக்கையில் என் கோட்டை வைத்தேன். பின்வரிசை மிஸஸ் கண்ட்ரி சும்மா இருப்பாளா? "ஏன் வெர்னா, உன் கோட்டுக்குப் படம் புரியுதா?" என்றாள். "உங்க வீட்டுக்காரரைவிட நல்லாவே புரியுது. தூங்காம பாக்குதே" என்றேன்.

டயர் தொழிற்சாலையை மூடிய வாரமே எமெட் உன் பக்கம் கிளம்பிப் போனார். "மூணே மாசம், உன்னைக் கூப்பிட்டுக்கறேன்" என்றார். பதினாறு மாதம் ஆகிறது. கடைசிக் கார்டு செப்டம்பரில் வந்தது. உன் விலாசம் கொடுத்தும் அவர் உன்னிடம் வரவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வேலை கிடைக்காத மனிதருக்கு மைத்துனன் வாசலில் வந்து நிற்கக் கூச்சமாக இருக்கும்.

இந்த வாரப் படமும் நம் ரகம்தான். முதல் ரீலிலேயே புருஷனும் பெண்டாட்டியும் கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்துவிடுகிறார்கள். பிறகு படம் முழுக்கச் சண்டை, ஒருவர் பேச்சை இன்னொருவர் முடிக்கவிடுவதில்லை. அத்தனை வேகமாகப் பதில் கொடுக்க வேண்டுமென்றால் எதிராளி சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க வேண்டும், யோசித்துப் பார். எனக்கு அதுதான் பிடிக்கும். கடைசி ரீலில் சேர்ந்துவிடுவார்கள். சேராத படம் ஒன்றுகூட நான் பார்த்ததில்லை.

எமெட்டோடு உட்கார்ந்து பார்ப்பதே தனி. ஜோக் அவருக்கு ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். கொட்டகையே சிரித்து ஓய்ந்த பிறகு அவர் மட்டும் "ஹா!" என்று ஆரம்பித்து விக்கலில் முடிப்பார். அதைக் கேட்டு எல்லோரும் மறுபடி சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று அப்பா கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
வெர்னா


ஹாலிவுட், கலிபோர்னியா
3 பிப்ரவரி 1937

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் முதுகுவலியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, அதனாலேயே வலி இருக்கிறது என்று தெரிகிறது.

எனக்கு வேலையில் ஒரு படி ஏற்றம். இதுவரை படச்சுருள் டப்பாக்களைச் சுமந்து ஓடியவன், இப்போது எடிட்டர் மிஸ்டர் ஃபார்க்கஸின் மேஜையருகே நிற்கிறேன். ஹங்கேரிக்காரர். சிரிப்புப் படங்களை மட்டும்தான் வெட்டி ஒட்டுவார், ஆனால் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. என் கையில் ஸ்டாப்வாட்ச் ஒன்றைத் திணித்து, "இனிமே சிரிப்பை அளக்கறவன் நீதான்" என்றார்.

விளையாட்டில்லை, அக்கா. இந்தப் படங்களில் பேச்சு எவ்வளவு வேகம் என்று உனக்கே தெரியும். ஜனங்கள் ஒரு வசனத்துக்குச் சிரித்தால் அடுத்த வசனம் அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடும். அதனால் படம் வெளியாகும் முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் ஏதாவது ஒரு சின்ன ஊர்க் கொட்டகையில் போட்டுப் பார்ப்போம். எந்த இடத்தில் எத்தனை வினாடி சிரித்தார்கள் என்று நான் குறிப்பேன். வினாடிக்கு ஒன்றரை அடி. அந்தந்த இடத்தில் அத்தனை அடி படத்தைச் சேர்த்து ஒட்டுவோம். நாயகன் டையைச் சரிசெய்வான், நாயகி ஜன்னல் பக்கம் பார்ப்பாள். நீங்கள் சிரித்து முடிக்கும்வரை அவர்கள் காத்திருப்பார்கள்.

இப்போது கையிலிருக்கும் படத்தின் பெயர் "தாளைத் தின்ற ஆடு". தின்றது விவாகரத்துத் தாள். முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தானுக்கும் இன்னும் ஒரு ரீல் பாக்கியிருக்கிறது, கவலைப்படாதே.

உன் தம்பி,
டெல்மர்


வெல்ஸ் ஃபோர்க்
2 மார்ச் 1937

அன்புள்ள தம்பிக்கு,

முதுகுவலி இருக்கிறது, போதுமா? மற்றபடி சுகம். சிரிப்பை அளக்கிறவன் என் தம்பி என்று மிஸஸ் கண்ட்ரியிடம் சொன்னேன். "அதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க!" என்று வாயைப் பிளந்தாள்.

உனக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். நம் படங்களில் நாயகிக்கு நிச்சயம் செய்த இன்னொரு மாப்பிள்ளை ஒருவர் வருவாரே, நல்லவர், சாதுவானவர், வெயிலிலும் குடையோடு அலைபவர், கடைசியில் கல்யாணக் கேக்கும் கையுமாக நிற்க வைத்துவிட்டு எல்லோரும் ஓடிப்போவார்களே, அவர் இங்கே வந்து சேர்ந்துவிட்டார்! ஆன்ஸல் போடி. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர், மனைவியை இழந்தவர். குடை உண்டு, காலணிமேல் மாட்டும் ரப்பர் உறையும் உண்டு. போன வாரம் என் வாசற்படியில் பனி உறைந்திருந்ததைப் பார்த்து, கேட்காமலேயே, கால் வழுக்காமலிருக்கச் சாம்பல் கொண்டுவந்து தூவிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை என் கோட்டுக்கு அடுத்த இருக்கையில் உட்கார்ந்தார். படத்தில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. வெளியே வந்து, "மிஸஸ் புரூயிட், அந்தம்மா அவர் தலையில தண்ணிய ஊத்தினாங்களே, அவருக்குச் சளி பிடிக்காதா?" என்று கேட்டார். நிஜமாகவே கவலைப்பட்டார், தம்பி.

அவரோடு சண்டையே போட முடியாது. நான் ஒரு வார்த்தையை வீசினால் கீழே விழாமல் பிடித்துப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிடுவார்.

எமெட்டிடமிருந்து ஒன்றும் இல்லை.

உன் அக்கா,
வெர்னா


ஹாலிவுட்
6 ஏப்ரல் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. குடைக்காரரை நினைத்து நினைத்துச் சிரித்தேன், ஸ்டாப்வாட்சில் பன்னிரண்டு வினாடி. மிஸ்டர் ஃபார்க்கஸ் சொல்வார், அந்த ஆளை எவ்வளவு நல்லவனாகக் காட்டுகிறோமோ அவ்வளவு சிரிப்பு வரும் என்று. பாவம் மிஸ்டர் போடி, தான் எந்தப் படத்துக்குள் நுழைந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. அத்தான் வந்து நிற்கும்போது கேக்கை யார் தூக்கிக்கொண்டு நிற்பார் என்று எனக்கு இப்போதே தெரியும்.

வருகிற வெள்ளிக்கிழமை ஆட்டுப் படத்தைப் பொமோனாவில் போட்டுப் பார்க்கிறோம். இங்கிருந்து முப்பது மைல், ஆரஞ்சுத் தோட்டத்து ஜனங்கள் நிறைந்த ஊர். தோட்டத்து ஜனங்கள்தான் பொய்யாகச் சிரிக்கமாட்டார்களாம். வந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

உன் தம்பி,
டெல்மர்


ஹாலிவுட்
19 ஏப்ரல் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

பொமோனாவில் படம் நன்றாகவே போயிற்று. சிரித்தார்கள். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

அத்தானின் கடைசிக் கார்டில் எந்த ஊர் முத்திரை இருந்தது? அதற்குப் பிறகு கடிதம் ஏதாவது வந்ததா? இந்த வாரம் வந்ததா? வந்தால் உடனே எழுது.

டெல்மர்


வெல்ஸ் ஃபோர்க்
28 ஏப்ரல் 1937

அன்புள்ள டெல்மருக்கு,

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னவன் ஆறு வரி எழுதியிருக்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லையே? முத்திரை சான் பெர்னார்டினோ. அதன்பின் ஒன்றும் வரவில்லை. நீ இப்படிக் கேட்டதும் மூன்று நாள் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன்.

இப்போது வேடிக்கையில்லாத ஒன்று. மிஸ்டர் போடி என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுவிட்டார். அவரை ஜூன் முதல் தேதியிலிருந்து டொலிடோவுக்கு மாற்றுகிறார்கள். "நீங்க யோசிச்சு மே கடைசிக்குள்ள சொன்னாப் போதும், மிஸஸ் புரூயிட். வக்கீல் வேலையெல்லாம் முடியறவரைக்கும் நான் காத்திருக்கேன்" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவர் என்னிடம் ஒரு தேதியைச் சொல்லி, அந்தத் தேதியில் வருவார் என்று நம்பும்படி பேசி எவ்வளவு நாளாயிற்று!

எனக்கு முப்பத்தாறு வயது. நீ இருப்பது அவர் போன ஊர்ப் பக்கம். நான் உன்னை ஒன்றுதான் கேட்கிறேன், மழுப்பாமல் சொல். எமெட் வருவாரா? அவரைப் பற்றி யாராவது ஏதாவது சொல்லிக் கேட்டாயா? காத்திரு என்று நீ சொன்னால் காத்திருப்பேன். வேண்டாம் என்றால் டொலிடோவுக்குப் போவேன். மே முடிவதற்குள் எழுது.

உன் அக்கா,
வெர்னா


ஹாலிவுட்
14 ஜூன் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. காய்ச்சல், அதன்பின் வேலை. பல முறை எழுத உட்கார்ந்தேன்.

அத்தானிடமிருந்து இதற்குள் கடிதம் வந்திருக்கும் என்று நினைத்தேன். வந்ததா?

மிஸ்டர் போடி விஷயத்தில் நான் என்ன சொல்ல? உன் மனசு சொல்வதைச் செய். அவர் நல்லவர் என்றுதான் தோன்றுகிறது. உன் முதுகைக் கவனித்துக்கொள்.

டெல்மர்


வெல்ஸ் ஃபோர்க்
22 ஜூன் 1937

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சலைப் பற்றி ஒரு கார்டு போட்டிருக்கலாம். இப்போது சாப்பாடு இறங்குகிறதா?

உன் கடிதம் வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மே முப்பத்தொன்று வரை பார்த்தேன். கெட்ட செய்தி என்றால் நீ தந்தியே அடித்திருப்பாய், ஒன்றும் வரவில்லை என்றால் நல்லதுதான் என்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் மிஸ்டர் போடி வந்தார். "நான் கல்யாணமானவ, மிஸ்டர் போடி. அவர் என்னை விட்டுட்டுப் போகல. வேலை தேடிப் போயிருக்கார்" என்றேன்.

"சரிங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு வாக்குவாதம் இல்லை, கத்தல் இல்லை. நான் அதற்கே கோபப்பட்டேன் என்றால் நம்புவாயா? "ஏன்னு கேட்கமாட்டீங்களா?" என்றேன். "நீங்க யோசிச்சுத்தானே சொல்றீங்க" என்றார். படியிறங்கியவர் திரும்பி வந்து குடையை என் கையில் கொடுத்தார். "இனி கோடை மழை பெய்யும். உங்களுக்குக் குடை எடுத்துட்டுப் போற பழக்கமே இல்ல."

அவர் நனையாமல் ரயிலேறினாரா தெரியாது. அன்று மழை.

நான் செய்தது சரிதான். கடைசி ரீலுக்கு முன்னால் எழுந்து போகிறவள் நானில்லை. இப்போது என்னிடம் இரண்டு பேருக்கான முழு பீங்கான் செட்டும் சேர்ந்துவிட்டது, சாஸர்கள்தான் பாக்கி.

உன் அக்கா,
வெர்னா


வெல்ஸ் ஃபோர்க்
12 அக்டோபர் 1937

டெல்மர்,

உன் ஆட்டுப் படம் இன்று எங்கள் ஊருக்கு வந்தது. மதியக் காட்சிக்குப் போய்விட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

நன்றாக இருந்தது. ஊரே வந்திருந்தது. நாயகன் மண்டியிட்டுப் பூங்கொத்தை நீட்டுகிறான். ஆடு எட்டி அதைத் தின்றுவிடுகிறது. அவள் சொல்கிறாள்: "நீங்க குடுத்ததுல ஒண்ணாவது யாருக்காவது பிடிச்சுதே!" எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்து ஓய்ந்தோம். ஆனால் படம் நகரவில்லை. அவன் கையிலிருந்த காம்புகளைப் பார்த்தான். அவள் விட்டத்தைப் பார்த்தாள். ஆடு மென்றது. மறுபடி மென்றது. மிஸஸ் கண்ட்ரி என் முதுகுக்குப் பின்னால், "என்னடி, படம் மாட்டிக்கிச்சா?" என்றாள்.

மாட்டவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். ஊர் சிரித்து முடித்த பிறகு இன்னொருவர் சிரிப்பதற்காக. நீதானே எனக்கு எழுதினாய், எவ்வளவு சிரித்தார்களோ அவ்வளவு இடம் விடுவோம் என்று? எல்லோரும் ஓய்ந்த பிறகு ஒரு தனி ஆள் சிரித்து, அதைக் கேட்டு மொத்தக் கொட்டகையும் மறுபடி சிரித்தால்தான் இவ்வளவு இடம் வேண்டும். அப்படிச் சிரிக்கிறவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். அவரோடு ஏழு வருஷம் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறேன், டெல்மர். அந்த இடைவெளி எவ்வளவு என்று எனக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டாம்.

மடியில் இரண்டு சாஸர்கள் இருந்தன. கீழே போடவில்லை.

மூன்று கேள்விகள். அவர் நலமா? தனியாக இருந்தாரா? ஏப்ரலில் நான் உன்னைக் கேட்டபோது உனக்குத் தெரியுமா?

வெர்னா


ஹாலிவுட்
18 அக்டோபர் 1937

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை. கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

நலமாக இருக்கிறார். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்.

தனியாக இல்லை. பொமோனாவில் அந்தச் சிரிப்பைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பழக்கத்தில் தாளில் எழுதிவிட்டேன்: ஐந்து வினாடி, இடையில் இரண்டு, மறுபடி ஏழு. விளக்குப் போட்டதும் வாசலுக்கு ஓடினேன். ஒரு பெண்ணுக்குக் கோட்டு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். அவள் வயிறு மேடிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். "டெல்மர், நீ அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிடாத. நானே எழுதறேன். இந்த வாரமே எழுதறேன். என் வாயால சொன்னாத்தான் அவளுக்கு மரியாதை" என்றார். அதற்குள் அந்தப் பெண், "எம், பஸ்ஸு கிளம்பிடும், வா!" என்று கூப்பிட்டாள். போய்விட்டார்.

மூன்றாவதுக்கும் ஆமாம் என்பதுதான் பதில். தெரியும். அவர் எழுதுவார் என்று நம்பினேன். உன் கடிதம் வந்த பிறகும், நான் சொல்வதற்குள் அவர் எழுதிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன். காய்ச்சல் பொய். நான் கோழை, அக்கா. கேக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பவரை நினைத்துச் சிரித்தவனும் நான்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிரிப்பை எடுத்துவிட மன்றாடினேன். ஒரே ஒரு ஆளின் கோணல் சிரிப்பு, கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றேன். மிஸ்டர் ஃபார்க்கஸ், "ஒருத்தன் இங்க தாமதமா சிரிச்சா ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தன் தாமதமா சிரிப்பான். அவனுக்கும் இடம் விடணும்" என்றார். இருபத்தோரு அடி. என் கையாலேயே ஒட்டினேன்.

இப்போதாவது மிஸ்டர் போடிக்கு எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.

டெல்மர்


வெல்ஸ் ஃபோர்க்
9 நவம்பர் 1937

டெல்மருக்கு,

கிடைத்தது. உன்மேல் கோபமாக இருக்கிறேன். எமெட்மேல் இருப்பதைவிட அதிகம். அவர் எப்போதுமே எதையும் தாமதமாகத்தான் செய்வார். உன்னிடம் நான் தேதி சொல்லிக் கேட்டேன்.

மிஸ்டர் போடிக்கு எழுதினேன். வெட்கத்தை விட்டு, நடந்ததையெல்லாம் எழுதினேன். நாலே நாளில் பதில் வந்தது. குடைக்காரருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்கள் படங்களில் காட்டுவதில்லையே, நான் சொல்கிறேன். செப்டம்பரில் டொலிடோவில் கல்யாணம் ஆகிவிட்டது. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரியின் தங்கையாம், பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லித்தருகிறாளாம். "உங்கள் கடிதம் முன்பே வந்திருந்தால்" என்று ஒரு வரி ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, குடையை நானே வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் விடாத மனிதர்.

சனிக்கிழமை மழை. குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஆஷ்பிக்குப் போனேன். உன் படம் இப்போது அங்கே ஓடுகிறது. என்னை யாருக்கும் தெரியாத ஊர். அங்கே இலவசப் பீங்கானும் கிடையாது, அதனால் ஒரு டிக்கெட்தான் வாங்கினேன். கோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த இடம் வந்தது. ஆடு பூவைத் தின்றது. கொட்டகை சிரித்து ஓய்ந்தது. அவன் காம்புகளைப் பார்த்தான், அவள் விட்டத்தைப் பார்த்தாள். எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது, தம்பி. எத்தனை ஊர்களில் இப்படியே நின்றிருப்பார்கள்! நான் சிரித்தேன். "ஹா" என்று தொடங்கி விக்கலில் முடிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது. அதைக் கேட்டு மொத்தக் கொட்டகையும் மறுபடி சிரித்தது. முன்வரிசைக்காரர் ஒருவர் என்னைப் பார்க்க எழுந்தே நின்றார். சரியாக அது அடங்கியபோது அவள் அடுத்த வசனத்தைச் சொன்னாள். ஒரு வார்த்தைகூட மூழ்கவில்லை.

இருபத்தோரு அடியும் நிரம்பிவிட்டது என்று மிஸ்டர் ஃபார்க்கஸிடம் சொல்.

வெர்னா